முந்தானையில் வந்த குட்டி

நான் கல்யாணமாகி ருவான்வெல்லைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு வந்தபோது கொண்டுவந்தது ஒரு பித்தளைச் செம்பு, ஒரு சேலை, ஒரு பெட்டை நாய்க்குட்டி. செம்பு ஒடுங்கிப் போயிற்று. சேலை கிழிந்தது. நாயைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் சனத்தில் அது வழக்கம். பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும்போது வாசலில் நிறுத்துவார்கள். பெண் முந்தானையை விரித்துப் பிடிப்பாள். தாய் ஒரு பெட்டைக் குட்டியைக் கொண்டுவந்து அதில் வைப்பாள். பெண் அதைச் சுருட்டி வயிற்றோடு பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். என் அம்மா அப்படித்தான் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கடல் கடந்து இந்தச் சீமைக்கு வந்தாள். கல்யாணமான கையோடு கங்காணி தோட்ட வேலைக்கு ஆள் கட்டிக் கூட்டிவந்தார். கப்பலில் யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். கைப்பிள்ளை என்று நினைத்திருப்பார்கள் என்பாள். அம்மா சிரித்துக்கொண்டு சொன்ன கதை அது ஒன்றுதான்.

நாய் கறுப்பு. இரண்டு கண்ணுக்கும் மேலே செம்புள்ளி. மூஞ்சி நீளம். நெஞ்சு ஆழம், வயிறு ஒட்டி முதுகோடு போய்விடும். பார்க்கிறவர்கள் பட்டினி போடுகிறோம் என்பார்கள். எவ்வளவு தின்றாலும் அப்படித்தான் இருக்கும். லேசில் குரைக்காது. வேற்றாள் போட்டதைத் தின்னாது. நாங்கள் நாய்க்குப் பேர் வைப்பதில்லை. ‘ந்தா’ என்றால் வரும்.

அம்மா ஒன்று சொல்லி அனுப்பினாள். “ஆண் குட்டிய யாருக்கு வேணும்னாலும் குடு. பெட்டைய மட்டும் வெளிய விடாத. பெட்டை போனா வீடு போன மாதிரி.” பெட்டை பெண்ணுக்குத்தான் போக வேண்டும். பெண் இல்லாத வீட்டுக்குப் போகக் கூடாது. நான் ஒரே மகள். அம்மாவுக்குப் பிறகு அவளுடைய நாயும் போய்விட்டது. றக்வானையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்த என் அண்ணனிடம் ஆண்தான் இருந்தது. ஆகவே எங்கள் குடும்பத்தில் பெட்டை என்று இருந்தது என் வீட்டில் மட்டும். அதை என் மகள் முந்தானையில் வைக்கும் வரைக்கும் காப்பாற்ற வேண்டும். எனக்கு இருந்த பொறுப்பு அதுதான்.

தோட்டத்தில் ஒரு காம்பராவுக்கு ஒரு நாய் என்று துரை சட்டம் வைத்திருந்தார். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு இருக்கும் ஒற்றை அறையைத்தான் காம்பரா என்போம். இரண்டாவது நாய் வளர்ந்து நின்றால் காவல்காரர் சுட்டுவிடுவார். குட்டிகளைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். என்னோடு வந்த நாய் கிழடாகிச் சாகிற வருடம் அதன் குட்டி ஒன்றை நிறுத்திக்கொண்டேன். அதுதான் இந்தக் கதையில் வருகிற நாய்.

பருவம் வந்தால் லயத்து நாய்கள் எல்லாம் வாசலில் கூடும். கதவைச் சாத்தி உள்ளே கட்டிப்போடுவோம். என் வீட்டுக்காரர் நாலைந்து நாள் வேலைக்குப் பேர் போட வேண்டாம் என்று கங்காணியிடம் சொல்லிவிட்டு, அதைச் சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு றக்வானைக்குப் போவார். பாதி வழி பஸ், மீதி நடை. அங்கே அண்ணனின் ஆண் நாயோடு சேரவிட்டுத் திரும்பத் தூக்கிக்கொண்டு வருவார். பக்கத்துக் காம்பரா மதினி வாசலில் நின்று சிரிப்பாள்.

“நாய்க்கு மாப்பிள்ள பாக்க றக்வானைக்கா போறாரு? எங்க பொண்ணுக்கே இந்த லயத்துலதான் பாத்தோம்.”

“அதான் தெரியுதே, மாப்பிள்ள லட்சணம்” என்றேன்.

அவள் அதற்கும் சிரித்தாள். அவளுக்குக் கோபம் வராது.

குட்டி போட அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு விரிப்பேன். அந்த மழைச் சீமையில் அடுப்புச் சூடு இல்லாவிட்டால் குட்டி நிற்காது. தாய்க்குக் கஞ்சியில் தேங்காய்ப்பால் விட்டுக் கொடுப்பேன். கருவாட்டுத் தலையை அவித்துப் போடுவேன். குட்டிகள் வெளியே தவழ ஆரம்பித்தால் அட்டை பெரிய தொல்லை. மூக்குக்குள் ஏறிக்கொள்ளும். குட்டி தும்மித் தும்மி இளைக்கும். புகையிலைத் தண்ணீரை மூக்கில் ஒரு சொட்டு விட்டு, அட்டை தலை நீட்டும்போது சாம்பல் தொட்ட விரலால் பிடித்து இழுக்க வேண்டும். என் மகளுக்குச் சின்ன வயதிலேயே அது கைவந்தது. விடியற்காலையில் நாங்கள் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போனால் நாய் மலையடிவரைக்கும் கூட வரும். அங்கே நின்று பார்க்கும். மடியில் பால் கட்டியதும் திரும்பிக் குட்டிகளிடம் ஓடும்.

ஆண் குட்டிகளை ஒரு தேங்காய், கொஞ்சம் அரிசி வாங்கிக்கொண்டு கொடுப்போம். பெட்டைகளில் ஒன்றைத்தான், அதுவும் தாய் கிழடானால்தான், வைத்திருக்கலாம். மிச்சத்தை, கண் திறக்கும் முன்பே, என் வீட்டுக்காரர் சாக்கில் போட்டு ஓடையில் விட்டுவிடுவார். அம்மா வீட்டில் அப்பா செய்தார். இங்கே இவர் செய்தார். காலையில் வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரத்தில் போய், அந்த வழியாகவே வேலைக்குப் போய்விடுவார். அன்றைக்குச் சாயங்காலம் அடுப்புப் பக்கம் வர மாட்டார். எங்களுக்கு அது கல்நெஞ்சு என்று தோன்றவில்லை. பெட்டையை வெளியே கொடுப்பதுதான் கேடு என்று நினைத்தோம்.

ஓடைக்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமம். அங்கே பனை மாதிரிப் பதநீர் தரும் கித்துள் மரம் சீவுகிற ஒருவர் இருந்தார். மரவள்ளியும் வற்றாளைக் கிழங்கும் போட்டிருந்தார். காட்டுப் பன்றி வந்து தோண்டித் தின்றுவிடும். பன்றியை அவர் ஊரா என்பார். எங்கள் நாய் பன்றியை மடக்கி நிறுத்தியதை ஒருமுறை பார்த்திருக்கிறார். அதிலிருந்து குட்டி போட்டால் கருப்பட்டியோடு வந்துவிடுவார்.

“அக்கே, நமக்கு ஒரு பெட்டை தாங்க.”

“பெட்டை குடுக்கறதில்லைங்க அய்யே. ஆண் குட்டி எடுத்துக்குங்க.”

“ஆண் எதுக்கு? எங்கயாவது பொம்பள நாய் இருந்தா போயிடும். ஊரா வர்ற அன்னிக்குத்தான் வீட்ல இருக்காது. பெட்டை நிக்கும்.”

“பெட்டை எங்க பொண்ணுக்குங்க. கல்யாணத்துக்கு.”

“உங்க பொண்ணு கல்யாணம் பண்ணி ஊரா புடிக்கவா போகுது?”

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவர் ஆண் குட்டியை எடுத்துக்கொண்டு போனார். அது பெரிதாகி எங்கேயோ ஓடிப்போயிற்று. அடுத்த ஈற்றுக்கு மறுபடி வந்தார். மறுபடியும் அதையே கேட்டார். மறுபடியும் ஆண் குட்டிதான் கொடுத்தோம்.

ஒருநாள் அவர் ஓடைப் பக்கமிருந்து ஏறி வந்தார். கையில் ஈரச் சாக்கு. எங்கள் சாக்கு. வாசலில் கீழே வைத்தார். என் வீட்டுக்காரர் வெட்டுக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

“இது நமக்குக் குடுத்திருக்கலாம்” என்றார் கித்துள்காரர்.

“அது வேற விசயம் அய்யே. உங்களுக்கு விளங்காது.”

“விளங்கலதான்” என்றார். அன்றைக்கு வெற்றிலை கொடுத்தேன். வாங்கவில்லை. சாக்கை எடுத்து நானே லயத்துக்குப் பின்னால் புதைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் குட்டி கேட்டு வரவில்லை.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் வேலை. அப்புறம் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் பேர். ஒரு காலையில் பெரட்டில் கங்காணி சிரட்டைகளை எல்லாம் கவிழ்க்கச் சொன்னார். மரத்துக்கு மரம் போய்ப் பால் பிடிக்கிற சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு வந்தோம். அதற்குக் கொடுத்த கூலிதான் அந்தத் தோட்டத்தில் கடைசிக் கூலி. அரிசி குறைந்தது. பலாக்காயும் மரவள்ளியும் காட்டுக் கீரையும் தின்றோம். பலாப் பருவம் போன பிறகு மரவள்ளியும் கீரையும்தான்.

நாய் அப்போது சினையாக இருந்தது. வேலை நிற்பதற்குச் சற்று முன்னால்தான் என் வீட்டுக்காரர் அதை றக்வானைக்குக் கொண்டுபோய் வந்திருந்தார். நான்கு குட்டி போட்டது. மூன்று பெட்டை, ஒரு ஆண். மூன்றும் நல்ல பெட்டை. கண்ணுக்கு மேல் புள்ளி தெளிவாக இருந்தது. மகள் அப்போது ஆளாகி இருந்தாள். அப்பாவிடம் நேராகப் பேச மாட்டாள். அன்றைக்குப் பேசினாள்.

“இந்த வாட்டி விட்டுருங்கப்பா.”

“ஒண்ணு ஒனக்கு. மத்ததுக்கு எவன் சோறு போடுவான்?”

“அந்தக் கித்துள்காரரு கேட்டாருல்ல.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். பெட்டையை வெளியே விட்டால் மகள் வாழப் போகிற இடத்தில் விளங்காது என்று எனக்குள் இருந்தது. அந்த நினைப்பை யாரும் எனக்குப் புதிதாகச் சொல்லவில்லை. அம்மா பாலோடு கொடுத்தது.

மறுநாள் பெரட்டு இல்லை. ஆனாலும் அவர் பெரட்டு நேரத்துக்கே எழுந்து போனார். இரண்டைக் கொண்டுபோனார்.

ஆண் குட்டி கொஞ்ச நாளில் செத்தது. தாய்க்கு மடியில் ஒன்றும் இல்லை. விலா எலும்பு எண்ணலாம் போல நின்றது. இப்போது உண்மையிலேயே பட்டினி. மிஞ்சிய பெட்டைக்கு மகள் மரவள்ளியை மென்று விரலில் வைத்து ஊட்டினாள். அவளுக்கே வயிறு நிறையாது. நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன். குட்டி பிழைத்துக்கொண்டது. காது நிமிர்ந்தது. மகள் பின்னாலேயே திரிந்தது. மதினி வந்து சொன்னாள்.

“ஒம் மகளுக்கு முன்ன இதுக்குத்தான் பவுசு வந்திருக்கு.”

அவளே ஒரு கருவாட்டுத் துண்டும் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த வாரத்தில் அவர்கள் காம்பராவைப் பூட்டிவிட்டுக் கடலுக்கு அக்கரையில் ஊருக்குப் போனார்கள்.

அப்படித்தான் ஒவ்வொரு குடும்பமாகப் போயிற்று. ஊருக்குப் போகிறவர்கள் கப்பல் காசு கட்ட வேண்டாம் என்று கங்காணி சொன்னார். றக்வானையிலிருந்து அண்ணன் எங்களுக்கு முன்பே போய்விட்டான் என்று ஆள் மூலம் தெரிந்தது. அவனுடைய நாயை என்ன செய்தான் என்று ஆளுக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் போய் எங்கள் பேரையும் கொடுத்துவிட்டு வந்தார். கங்காணி எங்கள் வாசலுக்கு வந்தபோது நாய் எழுந்து நின்றது.

“இதுகள என்ன செய்யப் போற?”

“கூட்டிட்டுப் போவோம்னு பாக்குறேங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

“கப்பல்ல ஆளையே மாடு மாதிரி ஏத்துறான். நாய ஏத்துவானா? நீங்க போன மறுநாள் லயத்தப் பூட்டிருவாங்க. சுத்துற நாயெல்லாம் சுடச் சொல்லி தொரை காவக்காரன்கிட்ட சொல்லியாச்சு. அதுக்கு முன்ன எதையாச்சும் பண்ணு.”

“குட்டிய மட்டும் முந்தானைல வச்சு…” என்று நான் ஆரம்பித்தேன்.

“ஒங்கம்மா வந்த காலம் இல்ல தாயி. இப்ப துணிய ஒதறிப் பாக்குறான்.”

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பேர் போட ஆள் இல்லாமல் போயிருந்தது.

போகிறதுக்கு முன்னால் நானும் மகளும் நாயையும் குட்டியையும் கொண்டு ஓடையைத் தாண்டினோம். கித்துள்காரர் வீட்டு வாசலில் மட்டைக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

“அய்யே, நாங்க ஊருக்குப் போறோங்க. இத நீங்க வச்சுக்குங்க.”

“பெட்டையா?”

“பெட்டைதாங்க. ரெண்டும்.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். ஏதாவது குத்திச் சொல்வார் என்றும் நினைத்தேன். சொல்லவில்லை. உள்ளே போய்க் கயிறு கொண்டுவந்தார். மகள் குட்டியை இறக்கவில்லை.

“அம்மா, ஒரு தடவ வச்சிருங்க. வச்சிட்டு எடுத்துருங்க” என்றாள். முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வச்சத எடுக்கக் கூடாது” என்றேன்.

அவள் முந்தானையை விட்டுவிட்டாள். குட்டியைக் கீழே வைத்தாள். தாய் நாய் கயிற்றில் நின்று எங்களையே பார்த்தது. குரைக்கவில்லை. நாங்கள் ஓடையில் இறங்கும் வரைக்கும் ‘ந்தா’ என்ற சொல் வாயில் வந்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஊர் என்று போன இடத்தில் எங்களுக்கு ஒன்றும் இல்லை. அம்மாவின் ஊரில் அந்த நாய்களைப் பற்றி விசாரித்தேன். தூரத்து உறவு ஒருவர், “மனுசன் பிழைக்க மாட்டாம கெடக்கான், நாயக் கேக்க வந்துட்டியா” என்றார். அந்த இனம் அங்கேயும் இல்லாமல் போயிருந்தது. என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. அந்த மண்ணிலேயே போய்ச் சேர்ந்தார். கடைசி நாட்களில் பிதற்றும்போது ஓடையைப் பற்றித்தான் பேசினார். தண்ணீர் குளிர் என்றார். நான் போர்த்தினேன்.

ரப்பர் மறுபடி வெட்டுகிறார்கள் என்று ஆள் கட்ட வந்தபோது நானும் மகளும் திரும்பினோம். பழைய தோட்டத்தில் எடுக்கவில்லை. பக்கத்துத் தோட்டம் கிடைத்தது. முதல் சம்பளத்துக்குக் காத்திருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடையைத் தாண்டிப் போனேன். மகள் வரவில்லை. “நீங்க பாத்துட்டு வாங்க” என்றாள்.

கித்துள்காரர் இளைத்திருந்தார். முற்றத்தில் இரண்டு நாய் படுத்திருந்தன. சாதாரண நாய். செம்மண் நிறம். என்னைப் பார்த்துக் குரைத்தன. நான் கேட்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.

“தாய் நிக்கல அக்கே” என்றார். “கயிறு கடிச்சு ஓடிரிச்சு. நான் போய்க் கூட்டிட்டு வந்தேன். மறுபடி போச்சு. உங்க வீட்டுக் கதவுலதான் படுத்துக் கெடக்கும். காவக்காரன் சுட்டுட்டான்.”

“குட்டி?”

“குட்டி நல்லா இருந்துச்சு. என் கையால தின்னாது. என் மகள் கையால தின்னிச்சு. மழைல ரத்தமா கழிஞ்சிச்சு. பெரிசாகல.”

பலா மரத்தடியைக் காட்டினார். ஒரு கல் வைத்திருந்தார். நான் போய்ப் பார்த்தேன். பார்க்க ஒன்றும் இல்லை. கல்தான்.

அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தாள். குடித்தேன். கித்துள்காரர் ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஒண்ணுதானே இருந்திச்சு அக்கே. ஒண்ணு செத்தா முடிஞ்சது. அப்பவே நமக்குக் குடுத்திருந்தா இந்த ஊர்ல பத்து வீட்ல நிக்கும். உங்க பொண்ணுக்கு நானே கொண்டுவந்து குடுத்திருப்பேன்.”

குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. மரவள்ளி விளைச்சல் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார். நான் கோப்பையைக் கீழே வைத்தேன். எங்கள் நாய் வெளியே போகாமல் காத்தோம். அதனால் வெளியே எங்கேயும் இல்லை. உள்ளேயும் இல்லை.

திரும்பி வந்தேன். மகள் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உலை வைக்க எழுந்தாள். அன்று இரண்டு பேரும் சாப்பிட்டோம். சாப்பிடாமல் இருந்தால் மறுநாள் மரம் வெட்ட முடியாது.

கொஞ்ச காலம் போகிற வருகிற நாயை எல்லாம் பார்த்தேன். நாங்கள் கொடுத்த ஆண் குட்டிகளின் சாயல் எங்கேயாவது இருக்கும். கடைவீதியில் ஒரு நாய்க்குக் கண்ணுக்கு மேல் புள்ளி இருந்தது. உடம்பு கட்டை, வால் சுருள். கையிலிருந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டேன். உடனே தின்றுவிட்டு வாலை ஆட்டியது. எங்கள் நாயாக இருந்தால் தின்றிருக்காது. பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன்.

மகளுக்கு மாப்பிள்ளை எங்கள் சனத்திலேயே கிடைத்தான். கித்துல்கலைப் பக்கம் தோட்டத்துப் பையன். நல்ல உழைப்பாளி. கல்யாணம் லயத்து வாசலிலேயே நடந்தது. பெண்ணை அனுப்புகிற நேரம் வந்தபோது மாப்பிள்ளையின் தாய் சுற்றிப் பார்த்தாள். அவளும் குட்டியோடு வந்தவள்தான். அவளுடையது எப்போதோ போய்விட்டது.

“குட்டி இல்லியா சம்பந்தி?”

“இல்லீங்க.”

“போகுது விடுங்க. எங்க தோட்டத்துல நாய்க்கா பஞ்சம்? பாதி ராத்திரிக்கு மேல தூங்க விடுறதில்ல.”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். வாசலில் வெறுமனே நிற்கக் கூடாது என்று ஒரு தேங்காய் எடுத்து வைத்திருந்தேன். குட்டிக்குப் பதில் அதை வைக்கலாம் என்று எண்ணம். மகள் உள்ளே இருந்து வந்தாள். வாசற்படிக்கு வரும் முன்பே முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். மலைக்கு மரம் வெட்டப் போகிற பெண்கள் செருகுவது போல.

நான் தேங்காயை நீட்டவில்லை. அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு இறங்கிப் போனாள்.